களிக்கப் போறோம்

குமரி மாவட்டத்தில் குழித்துறைக்கு மேற்கே களியக்காவிளை வரை எந்த ஊரிலும் சாயங்காலம் நாலரை மணிக்குப் பிள்ளைகள் புத்தகப் பையைத் திண்ணையில் எறிந்துவிட்டுச் சொல்லும் வார்த்தை ஒன்றுதான்: "அம்மா, களிக்கப் போறோம்." அதே பிள்ளை கட்டுரை நோட்டில் "விடுமுறையில் நாங்கள் ஆற்றங்கரையில் களித்தோம்" என்று எழுதினால் அந்தச் சொல்லைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம் விழும். மேலே "விளையாடினோம்" என்ற திருத்தம். சில நோட்டுகளில் ஓரத்தில் "மலையாளம் கலக்காதே" என்ற அறிவுரையும் இருக்கும். பிள்ளை அழித்துவிட்டு விளையாடினோம் என்று எழுதிக்கொள்ளும். மறுநாள் சாயங்காலம் மறுபடியும் களிக்கத்தான் போகும்.

அந்தச் சிவப்பு வட்டம் வெகு நாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. வட்டம் போட்டவர் மேல் கோபம் இல்லை. இந்த மண்ணில் மொழி என்பது சும்மா வந்த விஷயம் அல்ல. 1954 ஆகஸ்ட் 11 அன்று தெற்கெல்லைப் போராட்டத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் இங்கே உயிர்கள் போயின. அதற்குப் பிறகுதான் 1956 நவம்பர் 1 அன்று, அதுவரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாக்களும் செங்கோட்டைப் பகுதியும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அவ்வளவு கொடுத்து வாங்கிய தமிழ் என்ற நினைப்பு உள்ளவர்கள் பிள்ளை வாயில் மலையாள வாடை அடித்தால் பதறத்தான் செய்வார்கள். அந்தப் பதற்றம் புரிகிறது. ஆனால் அது தப்பான சொல்லின் மேல் விழுகிறது.

இன்னொரு கட்சியும் உண்டு. "களி சுத்தமான சங்கத் தமிழ், மற்ற தமிழர்கள் தொலைத்ததை நாங்கள் காப்பாற்றி வைத்திருக்கிறோம்" என்று நெஞ்சை நிமிர்த்துவார்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் பழைய நூல்களைப் புரட்டினால் இவர்கள் வாதமும் பாதி வழியில் நொண்டுகிறது. இந்த இரண்டு கட்சிக்கும் நடுவே அந்தச் சொல் கிடந்து படும் பாட்டைப் பார்த்தால், அதன் வழியை ஒருமுறை நிதானமாக நடந்து பார்க்கத் தோன்றுகிறது.

ஒரே ஓசையில் நாலு பேர்

முதலில் ஆளை அடையாளம் காண வேண்டும். களி என்ற ஓசையைச் சுற்றி அதே மாதிரி முகம் கொண்ட சொற்கள் பல நிற்கின்றன. அவற்றைப் பிரிக்காமல் வேர் தேடப் போனால் வேறு வீட்டுக் கிணற்றில்தான் வாளி விழும்.

கழி முதல் ஆள். கழித்தல், பொழுதைக் கழித்தல், கழிந்தது எல்லாம் இதன் மக்கள். கம்பு, கோல் என்ற பொருளிலும் கழி உண்டு. மலையாளத்தில் இந்தக் கழிக்குச் சாப்பிடுவது என்ற பொருளும் இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்துப் பாறசாலையில் ஒருவர் "ஊணு கழிச்சோ?" என்று கேட்டால் சோறு தின்றாயா என்று அர்த்தம். அதையே ழகரம் வராமல் "களிச்சோ?" என்று சொன்னால் விளையாடினாயா என்று ஆகிவிடும். நாக்கு மடிகிற இடம் ஒன்று மாறினால் பேச்சே மாறுகிறது. திருநெல்வேலி, மதுரைப் பக்கத்துப் பேச்சில் ழகரம் ளகரமாகக் கரைந்துவிடுவதால் அங்குள்ளவர்களுக்கு இந்த வித்தியாசம் காதில் விழுவதில்லை. விளவங்கோட்டு வாயில் இரண்டும் இன்றும் தனித்தனி. ஆகவே தமிழில் ளவா ழவா என்று சந்தேகம் வந்தால் மலையாளத்தைக் கேட்பது நல்ல வழி. அங்கே மழ, வாழ, பழம் எல்லாவற்றிலும் ழ நிற்கிறது. களியில் ள நிற்கிறது. தெலுங்கும் ஒரு சாட்சி. நம் ழகரம் பெரும்பாலும் அங்கே டகரமாகிவிடும்: ஏழு ஏடு, கோழி கோடி. ளகரம் லகரமாகும்: முள் முல்லு, கள் கல்லு. அந்தக் கடைசிச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வர வேண்டியிருக்கிறது.

கழியையும் களியையும் குழப்பி எழுதுவது பத்திரிகைகளில்கூட நடக்கிறது. "குடும்பத்தோடு விடுமுறையைக் களித்தனர்" என்று அச்சாகி வருகிறது. இதைத் தடுக்க இலக்கண நூல் முழுவதும் வேண்டாம். சொல்லுக்கு முன்னால் 'ஐ' வந்தால் கழி. பொழுதை, விடுமுறையை, ஐந்தை என்று ஏதாவது ஒன்றை எடுத்துக் கழிக்கிறோம். களிக்கு அந்த 'ஐ' வேண்டாம். கண்டு களித்தனர், உண்டு களித்தனர், அவ்வளவுதான். எதையோ ஒன்றைச் செய்வது அல்ல அது, உள்ளுக்குள் நிகழ்வது. எழுத்துத் தமிழில் இந்த விதி உறுதியாக நிற்கிறது. எல்லையில் இது உடைகிறது. அந்த உடைப்பில்தான் விஷயமே இருக்கிறது.

அடுத்தவர் கலி. யுகமாகவும் சனியனாகவும் நமக்குத் தெரிந்தவர், பழந்தமிழில் ஆரவாரம் என்ற பொருளும் கொண்டவர், மலையாளத்தில் கலி வந்தால் கோபம் தலைக்கேறியது என்று அர்த்தம். லகரம் என்பதால் இவரை எளிதாக விலக்கிவிடலாம்.

மூன்றாமவர்தான் சிக்கல், ஏனென்றால் எழுத்தும் அதே எழுத்து. கேப்பைக் களி, உளுந்தங்களி, களிமண், "இப்படியே போனா களிதான் தின்பே" என்று சிறைச்சாலையை நினைவூட்டும் களி. குழைந்தது, பிசைந்தது என்ற பொருள் இதற்கு. மகிழ்ச்சிக் களியோடு இதற்கு உறவு இல்லை. ஒரே சட்டை போட்ட இரண்டு பேர். எப்படிப் பிரிப்பது? வினையாக்கிப் பாருங்கள். மகிழ்ச்சிக் களிக்குக் களித்தான், களிக்கிறான், களிப்பு என்று வரிசை ஓடும். உளுந்தங்களிக்கு அந்த வரிசை கிடையாது. அதைக் கிண்டத்தான் வேண்டும்.

ஊர்ப்பெயரையும் இதில் இழுப்பவர்கள் உண்டு. களியக்காவிளை என்பதிலேயே களி இருக்கிறதே, ஆட்டம் நடந்த விளையாக இருக்கும் என்று. விளை என்பது தோட்டம், தோப்பு, அது சரி. ஆனால் முதல் இரண்டு எழுத்து ஒத்துப்போகிறது என்பதற்காக ஊருக்குக் கதை கட்டக் கூடாது. ஊர்ப்பெயருக்கு ஓலையும் கல்வெட்டும்தான் சாட்சி, காது அல்ல.

கள்ளில் தொடங்கியது

இப்போது கள்ளுக்குத் திரும்புவோம். களி என்ற சொல் தமிழில் என்னவாக இருந்தது என்று பார்க்கத் திருக்குறளைவிட நல்ல இடம் இல்லை. 93ஆம் அதிகாரம், கள்ளுண்ணாமை. பத்துக் குறளில் நான்கில் களி வருகிறது.

"ஈன்றாள் முகத்தேயும் இன்னாதால் என்மற்றுச்
சான்றோர் முகத்துக் களி" (923)

பெற்ற தாய் முன்னால்கூடச் சகிக்காது, சான்றோர் முன்னால் எப்படி இருக்கும் என்கிறார். இங்கே களி என்பது குடிவெறி. 929இல் "களித்தானைக் காரணம் காட்டுதல்" நீருக்குள் முழுகியவனைத் தீப்பந்தம் கொண்டு தேடுவது போல என்கிறார். களித்தான் என்றால் குடித்தவன். 928இலும் 930இலும் அதே பொருள்தான். கள் உண்டவனுக்கு வருவது களி. சொல்லே கள்ளிலிருந்து கிளைத்தது.

"சங்கத் தமிழ்" என்று மார்தட்டும் கட்சிக்கு இந்த இடத்தில்தான் கால் இடறுகிறது. "ஆற்றங்கரையில் களித்தோம்" என்று பிள்ளை எழுதியதை இந்த அதிகாரத்தின் தமிழில் படித்தால், ஆற்றங்கரையில் குடித்துக் கிடந்தோம் என்று ஆகும். பழமை என்ற ஒன்றை மட்டும் வைத்து ஒரு சொல்லுக்கு வக்காலத்து வாங்கினால் இப்படித்தான் மாட்டிக்கொள்ள நேரும். சிவப்பு மைக்காரரே ஒரு திருக்குறள் பதிப்பை எடுத்து நீட்டினால் அந்த வாதம் அங்கேயே முடிந்துவிடும்.

ஆனால் அதே நூலில் அந்த 923இலிருந்து 358 குறள் தள்ளிப் போக வேண்டும். 129ஆம் அதிகாரத்தின் முதல் குறள்:

"உள்ளக் களித்தலும் காண மகிழ்தலும்
கள்ளுக்கில் காமத்திற் குண்டு" (1281)

நினைத்தாலே களிப்பு, கண்டாலே மகிழ்ச்சி. இது கள்ளுக்குக் கிடையாது, காமத்துக்கு உண்டு. மெதுவாகப் படித்தால் இங்கே நடப்பது தெரியும். களியைக் கள்ளின் பக்கத்தில் நிறுத்தி, அவர் கையாலேயே வெட்டிப் பிரிக்கிறார். குடிக்க வேண்டாம், நினைத்தால் போதும், களி வரும் என்கிறார். 923இல் வாயில் நாற்றமடித்துக்கொண்டு நின்ற சொல் 1281இல் தெளிந்து எழுந்துவிட்டது. ஒரு சொல்லின் பொருள் நகர்வதைப் பல நூற்றாண்டு ஓலைகளில் தேடிப் பிடிப்பதுதான் வழக்கம். இங்கே ஒரே நூலுக்குள், ஒரே கையெழுத்தில் அந்த நகர்வு கிடைக்கிறது. இந்தக் குறளுக்கு வந்த பிறகுதான் சிவப்பு வட்டத்துக்கு என்ன பதில் சொல்வது என்பது தெளிவாகிறது. பிள்ளையின் களியும் இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கும் களி. எதுவும் உட்கொள்ளாமல் வருவது.

கூடவே இன்னொன்றும் பாருங்கள். அதே குறளில் மகிழ்தலும் கள்ளோடு கட்டப்பட்டிருக்கிறது. 1090இல் "உண்டார்கண் அல்லது அடுநறாக் காமம்போல் கண்டார் மகிழ்செய்தல் இன்று" என்கிறார். அங்கே மகிழ் என்பது மதுவின் மயக்கம். பழந்தமிழில் மகிழுக்குக் கள், கள்ளின் வெறி என்ற பொருள் நன்றாகவே உண்டு. அந்த மகிழ்ச்சியைத்தான் இன்று திருமண அழைப்பிதழிலும், பள்ளி ஆண்டு விழா மேடையிலும், "மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்" என்று எந்தக் கூச்சமும் இல்லாமல் எழுதுகிறோம். யாரும் வட்டம் போடுவதில்லை. ஒரே கடையிலிருந்து புறப்பட்ட இரண்டு சொல்லில் ஒன்று மேடை ஏறியது, மற்றொன்று நோட்டில் அடிவாங்குகிறது.

பனையேறிகள் உள்ள ஊரில் இதை விளக்க அதிகம் பாடுபட வேண்டியதில்லை. ஒரே பனை, ஒரே பாளை, ஒரே சீவல். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டினால் விடிகாலையில் இறங்குவது அக்கானி, அதாவது பதநீர். வெறும் கலயம் கட்டினால் கள். பாளையிலிருந்து சொட்டுவது இனிப்பு நீர்தான். சொட்டிய நிமிடத்திலிருந்தே நொதிக்கத் தொடங்கும். சுண்ணாம்பின் காரம் அந்த நொதிப்பை எழவிடாது. சுண்ணாம்பு குறைந்தால் வெயில் ஏறும்போது நுரை கட்டிப் புளித்துவிடும். காய்ச்சினால் கருப்பட்டி உறையாமல் இளகி நிற்கும். கூடினால் கருப்பட்டியில் சுண்ணாம்பு வாடை தட்டும். உள்சுவர் முழுக்க மெல்லிய பூச்சாகத் தடவுவதில்தான் கைப்பழக்கம். குமரி மாவட்டத்துப் பிள்ளைகளின் களி அக்கானி மாதிரி. பனை அதேதான். புளிக்கவில்லை.

மேற்கே என்ன நடந்தது

இனி எல்லைக்கு அந்தப் பக்கம். மலையாளம் களியை எடுத்துக்கொண்டு செய்த காரியம் பெரிது. அதற்கு ஒரு 'ஐ'யைக் கொடுத்தது. பந்து களிக்குக, சீட்டு களிக்குக. தமிழில் உள்ளே நிகழ்ந்துகொண்டிருந்த ஒன்று அங்கே கையாலும் காலாலும் செய்கிற வேலையாகிவிட்டது. ஒருவன் களியாக இருப்பது போய் ஒருவன் ஒரு களியைக் களிக்கிறான். இது மேற்கின் ஆக்கம் என்று ஒப்புக்கொள்வதில் நமக்கு எந்தக் குறைவும் இல்லை. விளவங்கோட்டுப் பிள்ளை "கிரிக்கெட் களிக்கான்" என்று சொல்லும்போது வேர் இரு வீட்டுக்கும் பொதுவானது, இலக்கணத்தின் அந்த ஒரு மடிப்பு அண்டை வீட்டுக்காரர் போட்டது.

மடிப்பு விழுந்த பிறகு சொல் காட்டுக்கொடி மாதிரிப் படர்ந்திருக்கிறது. ஒளிந்து பிடித்தால் ஒளிச்சுகளி. விளையாட்டுப் பொருள் களிப்பாட்டம். திடல் களிக்களம். படகுப் பந்தயம் வள்ளங்களி. கம்பு தட்டி ஆடினால் கோல்களி. கண்மண் தெரியாத துணிச்சல் கைவிட்ட களி. ஆபத்தோடு விளையாடினால் தீக்களி. ஏமாற்றி ஆடினால் கள்ளக்களி. மற்ற ஊர்ப் பிள்ளைகள் அழுகுணி ஆட்டம் என்பார்களே, அதற்குக் கிட்டத்தட்ட. இதில் வரும் கள்ளம் குடிக்கும் கள் அல்ல, திருட்டு. விடிய விடிய நடக்கும் கதகளியை ரசிகர்கள் வெறுமனே களி என்பார்கள். "இன்னு களியுண்டு" என்றால் இன்று இரவு கதகளி. அந்தக் களிக்கு முன்னால் அந்தியில் செண்டை, மத்தளம், சேங்கிலை, இலைத்தாளம் கொட்டி ஊருக்கு அறிவிப்பார்கள். அதற்குப் பெயர் கேளி.

இந்தக் கேளியைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும், ஏனென்றால் களியின் நீட்டல்தான் இது என்று பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். இல்லை. இது சமஸ்கிருதத்தின் கேலி. விளையாட்டு, உல்லாசம் என்ற பொருளுடைய சொல். அதுதான் தமிழில் கேளிக்கையாகி, சினிமா டிக்கெட்டில் கேளிக்கை வரியாக உட்கார்ந்தது. அதே சொல் இன்னொரு வாசல் வழியாகத் தமிழுக்குள் நுழைந்து, கேலி என்ற பெயரிலேயே, கிண்டல் என்று பொருள் கொண்டது. விளையாட்டு எப்படிக் கிண்டலாகும்? எவனோ ஒருவனை வைத்து விளையாடும்போது. மலையாளம் தன் சொந்தக் களியை வைத்து இதே வழியில் போனது: களியாக்குக என்றால் கேலி செய்வது. குமரிப் பேச்சிலும் "என்னைய களியாக்காத" என்பது அன்றாட வழக்கு. இரண்டு வேறு வேர்கள், தொடர்பே இல்லாமல், ஒரே சரிவில் ஒரே இடத்துக்கு உருண்டு வந்து சேர்ந்திருக்கின்றன. "சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்" என்று நாம் சொல்வதிலும் அந்தச் சரிவு தெரிகிறது.

குமரியில் ஆடும் களியலும் இங்கேதான் வருகிறது. நடுவில் விளக்கு, சுற்றி இரட்டைப்படையில் ஆட்டக்காரர்கள், ஒவ்வொரு கையிலும் கம்பு, ஆசான் பாடித் தாளம் கொடுப்பார். இரட்டைப்படை ஏன் என்றால் கம்பு பக்கத்து ஆளின் கம்பில் விழ வேண்டும். ஒருவர் மிஞ்சினால் அந்த இடத்தில் அடி காற்றில் போகும், தாளம் பல்லிழந்துவிடும். இதைச் சிலர் கழியல் என்று எழுதுகிறார்கள், கழி என்றால் கம்பு என்பதால். பார்க்கப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. என் தீர்ப்பு களியல் பக்கம். வடகேரளத்தில் இதே குடும்பத்து ஆட்டத்தின் பெயர் கோல்களி. அங்கே கம்பைக் கோல் சொல்கிறது, ஆட்டத்தைக் களி சொல்கிறது. ழகரத்தை நாக்கிலிருந்து விடாத ஊரில், கம்பால் வந்த பெயராக இருந்தால் அது ளகரமாக வழுக்கியிருக்க வேண்டிய அவசியம் இல்லை.

ஒரே நாள், இரண்டு களி

இந்த இரட்டைச் சொல் எல்லையில் ஒன்றின் மேல் ஒன்று வந்து விழும் நாள் ஒன்று உண்டு: மார்கழித் திருவாதிரை. மலையாளக் கணக்கில் தனு மாதம், நட்சத்திரம் அதே. கிழக்கே அன்று களி கிண்டுவார்கள். மேற்கே அன்று களி ஆடுவார்கள். "திருவாதிரைக்குக் களி உண்டா?" என்ற கேள்விக்கு நாகர்கோவிலில் ஒரு பதில், நெய்யாற்றின்கரையில் வேறு பதில்.

கிழக்குக் களிக்குப் பச்சரிசி ஒரு கப் என்றால் பாசிப்பருப்பு கால் கப்புக்கும் குறைவு, வெல்லம் ஒன்றரை, தண்ணீர் மூன்று. அரிசியை எண்ணெய் விடாமல் வாசம் வந்து நிறம் மாறும்வரை வறுத்து, ஆறவிட்டு, ரவை பருமனுக்கு உடைக்க வேண்டும். பருப்பைத் தனியாக வறுத்துச் சேர்க்க வேண்டும். வறுக்காமல் போட்டால் பிசினாக ஒட்டும். நைஸாக அரைத்தால் உள்ளே பச்சை மாவோடு கட்டி கட்டும். பெரும்பாலான வீட்டில் நடக்கும் தவறு, கெட்டியான வெல்லப் பாகில் நேரே ரவையைக் கொட்டுவது. பாகு தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அரிசிக்குக் குடிக்கத் தண்ணீர் கிடைக்காது. எத்தனை நேரம் மூடி வைத்தாலும் பல்லில் நறநறக்கும். ரவையும் பருப்பும் தண்ணீரில் முக்கால் வேக்காடு வந்த பிறகு வடிகட்டிய வெல்லக் கரைசலை விட்டு, சிறு தீயில் நெய்யும் தேங்காய்த் துருவலும் ஏலமும் சேர்த்துக் கிளறினால் உதிரியாக வரும்.

மேற்கே அன்று நோன்பு இருக்கும் பெண்கள் அரிசியையே தொடமாட்டார்கள். இங்கே அரிசிதான் நைவேத்தியம், அங்கே அரிசிதான் விலக்கு. கூவைக் கிழங்கு மாவும், கிழங்கும் பயறும் வேகவைத்த திருவாதிரைப் புழுக்கும்தான் உணவு. முந்தின நாள், மகயிரம் என்கிற மிருகசீரிட நட்சத்திரத்து அந்தியில் சேனை, காச்சில், சேம்பு, சிறுகிழங்கு, நேந்திரங்காய் எல்லாவற்றையும் சுட்டு நறுக்கி வெல்லப் பாகில் சேர்ப்பதற்கு எட்டங்ஙாடி என்று பெயர். பிறகு ராத்திரி விழித்திருக்க வேண்டும். விழிப்பதற்குத்தான் ஆட்டம். நிலவிளக்கைச் சுற்றி வட்டமாக நின்று, கணபதி, சரஸ்வதி பாட்டில் தொடங்கி, குறத்தி, கும்மி என்று வேகம் ஏறி மங்களத்தில் முடியும். நடு ராத்திரியில் பாதிராப்பூ சூடுவார்கள். ஆடத் தெரிந்தவர்கள் முதலில் பார்ப்பது வட்டத்தைத்தான். கும்மியில் குனிந்து கைதட்டும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் அரையடி உள்ளே போய்விடுவார்கள். நாலாவது சுற்றில் வட்டம் சுருங்கி விளக்குச் சூடு முகத்தில் அடிக்கும், முழங்கை இடிக்கும். அதனால் பழகும்போது தரையில் கோலமாவில் வட்டம் போட்டுக்கொள்வார்கள்.

களி தின்றவர்களும் களி ஆடினவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்து உங்கள் சொல் தப்பு என்று சொன்னதில்லை. நாகர்கோவில் மருமகள் நெய்யாற்றின்கரைக்குப் போனால் இரண்டும் உண்டு.

தொலைந்தவை

சிவப்பு மை ஏன் கவலை தருகிறது என்பதைக் கடைசியாகச் சொல்லிவிடுகிறேன். தொல்காப்பியம் உரியியலில் ஒரு வரி: "கெடவரல் பண்ணை ஆயிரண்டும் விளையாட்டு." கெடவரல், பண்ணை என்ற இரண்டு சொல்லுக்கும் விளையாட்டு என்று பொருள் என்கிறது. அந்தக் காலத்திலேயே பொருள் சொல்ல வேண்டிய நிலைக்கு அவை வந்துவிட்டன என்று தெரிகிறது. இன்று கெடவரல் யாருக்கும் தெரியாது. பண்ணை என்றால் கோழிப்பண்ணையும் பால்பண்ணையும்தான் நினைவுக்கு வரும். விளக்கச் சொல்லாக வந்த விளையாட்டு மட்டும் உயிரோடு இருக்கிறது. இன்றும் அது நல்ல சொல். அதே தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் உவகை பிறக்கும் இடம் நான்கு என்று சொல்லி, செல்வம், புலன், புணர்வு என்ற மூன்றுக்குப் பக்கத்தில் விளையாட்டை வைக்கிறது. உவகைக்கும் விளையாட்டுக்கும் இடையே இருக்கும் அந்த ஒற்றையடிப் பாதையில்தான் களியும் நடந்துபோனது. உவகையாக இருந்தது, விளையாட்டாகப் போய்ச் சேர்ந்தது.

எழுத்துத் தமிழில் அந்தச் சொல்லின் நிலை இப்போது நன்றாக இல்லை. களியாட்டம் என்றால் பணக்காரர் ஊதாரித்தனம். களிப்பு என்றால் கவிதைக்கு மட்டும். வினையாக மிஞ்சியிருப்பது "கண்டு களித்தனர்" என்ற ஒரே ஒரு செய்தித்தாள் வாக்கியம். வாயில் புரள்கிற வினையாக, கோபத்திலும் கொஞ்சலிலும் வருகிற வினையாக, தமிழ்நாட்டுக்குள் அது வாழ்கிற இடம் இந்த மேற்கு மூலைதான். அங்கேயும் வட்டம் போட்டு அடித்துக்கொண்டிருக்கிறோம். பரீட்சைத் தாளில் பொதுத்தமிழ் வேண்டும் என்பது நியாயம். "விளையாடினோம்" என்று பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கத்தான் வேண்டும். அதற்கு அடிக்க வேண்டியதில்லை. ஓரத்தில் "ஊர் வழக்கு, பொதுவழக்கில் விளையாடு" என்று எழுதினால் பிள்ளைக்கு ஒரு சொல் போய் இரண்டு சொல் கிடைக்கும்.

வட்டார அகராதி ஒன்றில் இதற்கு இடம் கிடைத்தால், பதிவு இப்படி இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்:

களி (வினை, குமரி மேற்கு, மலையாள எல்லை). களிக்கேன், களிச்சேன், களிப்பேன். 1. விளையாடு. "பிள்ளைய முற்றத்துல களிக்கி." 2. குறிப்பிட்ட ஆட்டத்தை ஆடு, செயப்படுபொருள் ஏற்கும். "அவன் நல்லா பந்து களிப்பான்." 3. களியாக்கு: கேலி செய். "வயசானவியள களியாக்காத, மக்களே." கள் > களி. குறளில் குடிவெறி (923), நினைவால் வரும் உவகை (1281). ஒப்பு: மலையாளம் களிக்குக. கழி, கலி, களி (உண்பது) காண்க, இவை வேறு.